வெள்ளக்கல் கரட்டிலிருந்து மேட்டூர் நந்தி வரை: சித்தப்பாவோடு நாலு நாள்

23 ஏப்ரல் 2024, செவ்வாய்: வெள்ளக்கல் கரடு

கோடை வந்தால் சேலத்துக்காரர்கள் யோசிக்காமல் ஏற்காடு ஏறிவிடுவார்கள். மலைக்குக் கீழே காய்ந்து கிடக்கும் பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் சில இடங்கள் வறட்சியில் மட்டும்தான் வெளியே வரும். மழை வந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். மேட்டூர் அணை 60 அடிக்குக் கீழே இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் சித்தப்பா சொன்னார்: "தண்ணி வர்றதுக்குள்ள பாத்தாத்தான் உண்டு கண்ணு. நாளைக்கே கெளம்பலாம்." சங்ககிரியில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வழி கேட்க வேண்டிய வேலையே இல்லை.

இந்த வெயிலில் வண்டி எடுக்கிறவர்கள் முந்தின நாள் ராத்திரியே பார்த்துவைக்க வேண்டியவை உண்டு. முதலில் கூலன்ட். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற பழக்கம் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. வெறும் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், உள்ளே துருவும் பிடிக்கும். கூலன்ட் குறைந்திருந்தால் இன்ஜின் முழுசாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். அடுத்து டயர் காற்று. காலையில் வண்டி நகர்வதற்கு முன் பார்ப்பதுதான் சரியான அளவு. வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைத்து வைப்பது தவறு. காற்று குறைந்த டயர் சாலையில் அதிகமாக மடங்கி, அந்த மடிப்பிலேயே சூடேறி வெடிக்கும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பின் சீட்டில் 10 லிட்டர் தண்ணீர், ஒரு டஜன் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை, டயருக்குக் காற்றடிக்கும் சின்ன 12 வோல்ட் பம்ப், ஒரு மண்வெட்டி. மண்வெட்டி எதற்கு என்பது மேட்டூரில் புரிந்தது.

காலை ஆறரைக்கு டால்மியா போர்டு தாண்டி வெள்ளக்கல்பட்டிப் பக்கம். சேலம் ஜங்ஷனிலிருந்து ஓமலூர் போகிற ரயில் பாதையில் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமான கல் இதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சுண்ணாம்பு கொட்டிவைத்த மாதிரி குன்று குன்றாக வெள்ளை. சுண்ணாம்புக் கரடு என்கிற பெயரும் அப்படி வந்ததுதான். ஆனால் இது சுண்ணாம்புக் கல் இல்லை, மக்னீசியம் கார்பனேட்.

வித்தியாசம் தெரிய ஒரு எலுமிச்சை போதும். சுண்ணாம்புக் கல்லைச் சுரண்டிப் பொடியாக்கி எலுமிச்சைச் சாறு விட்டால் மெல்ல நுரைக்கும். இந்தக் கல்லின் பொடி நுரைக்காது. கையில் எடுத்தால் பீங்கான் உடைந்த மாதிரி வழவழப்பு, மேல்பக்கம் காலிஃபிளவர் மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கும். சாலை வெட்டிய சரிவில் நின்று பாருங்கள்: பச்சையும் கறுப்புமான பாறைக்குள் வெள்ளை நரம்புகள் வலை பின்னியிருக்கும். சில நரம்பு விரல் கனம், சில தொடை கனம். அந்தக் கறுப்புப் பாறையில் மக்னீசியம் நிறைய. காற்றிலுள்ள கரியமில வாயு கலந்த தண்ணீர் வெடிப்புகள் வழியே இறங்கி, பாறையைக் கரைத்து, கரைந்த மக்னீசியத்தை வெடிப்பிலேயே வெள்ளைக் கல்லாகப் படியவைத்தது. எஃகு உலைக்குள் அடுக்குகிற தீச்செங்கல்லுக்கு இதுதான் மூலப்பொருள். சூளையில் நன்றாக வேகவைத்தால் அதன் பிறகு உலைச் சூட்டுக்கு அசையாது.

எட்டரைக்கு மேல் இங்கே நிற்காதீர்கள். மேலிருந்து அடிக்கும் வெயிலைவிடக் கீழே வெள்ளைத் தரையிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சம்தான் கண்ணைக் கூசவைக்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பழைய சுரங்கக் குழிகளில் நீலமாகத் தண்ணீர் நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். விளிம்புக்குப் போகவே கூடாது. கரை உதிரும் மண், குழி செங்குத்து, இறங்கினால் ஏறி வரப் பிடி கிடையாது.

சாயங்காலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோவில் மிச்சமிருப்பது இந்த நுழைவு வளைவுதான். வண்டிகள் வேகமாக வருகிற இடம், நடு ரோட்டில் நின்று படம் எடுக்காதீர்கள். ராத்திரி தட்டுவடை செட், 30 ரூபாய். தட்டுவடை நமத்திருக்கக் கூடாது, நடுவில் வைக்கிற பீட்ரூட் துருவல் தண்ணீர் விடக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் சட்னி சுமாராக இருந்தாலும் செட் நன்றாக இருக்கும்.

24 ஏப்ரல், புதன்: வற்றிய மேட்டூர், பண்ணவாடி

அதிகாலை ஐந்துக்கு ஓமலூர், மேச்சேரி வழி. மேச்சேரிக்கு முன்னாலேயே சாலையோரம் செம்பழுப்பு ஆடுகள் தெரிய ஆரம்பிக்கும். உடம்பில் கம்பளி இருக்காது, குட்டை முடிதான். ஊர் பெயரிலேயே அறியப்படுகிற மேச்சேரி இன செம்மறி அது. இந்த வறட்சியிலும் வேலமரத்துக் காயைத் தின்று தெம்பாக நிற்கிறது.

மேட்டூரில் நிற்காமல் நேராகக் கொளத்தூர் சாலை, அங்கிருந்து பண்ணவாடி பரிசல் துறை. அணையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அந்த இடம் வேறு மாதிரி தெரியும். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை. முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டிஎம்சி. அந்தத் தண்ணீருக்குள் போன ஊர்கள்தான் இப்போது கால் வைக்கிற நிலம். அணை 80 அடிக்குக் கீழே போனால் பழைய தேவாலயத்தின் கோபுரம் தலைகாட்டும், 70 அடியை ஒட்டி ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தெரியும் என்பது ஊர்க் கணக்கு. இப்போது இரண்டும் முழுசாக வெளியே நிற்கின்றன, சுற்றிலும் வறண்ட வெளி.

"ஊரைக் காலி பண்ணும்போது சாமியெல்லாம் எடுத்துட்டுப் போய்ட்டாங்க. நந்தி பெருசுங்க, அது இங்கியே தங்கிப்போச்சு," என்றார் பரிசல்காரர். அக்கரையில் தர்மபுரி மாவட்டத்து நாகமரை. ஆறு ஒல்லியாக ஓடுகிறதால் பரிசல் போகிற தூரம் குறைந்து, இரு பக்கமும் நடக்கிற தூரம் கூடிவிட்டது. ஆளுக்கு என்ன வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே சொன்ன காசைத்தான் வாங்குகிறார்கள், இறங்கும்போது கூட்டிக் கேட்கிற பழக்கம் இல்லை. நந்தி மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. தண்ணீரில் ஊறி ஊறிக் காய்ந்த சிலை, உதிர்ந்தால் ஒட்டவைக்க முடியாது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "எறங்குங்க சாமி, பூசை பண்ற எடம்," என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். எல்லாரும் இறங்கினார்கள்.

நடக்கத் தெரிந்துகொள்ள வேண்டிய தரை இது. காவிரி கொண்டுவந்த வண்டல் தொண்ணூறு வருஷமாகப் படிந்திருக்கிறது. மேலே காய்ந்த பொருக்கு, கீழே இன்னும் சேறு. எங்கே காய்ந்திருக்கிறது என்பதை வெடிப்பைப் பார்த்தே சொல்லலாம். பாளம் பாளமாகப் பிரிந்து, வெடிப்புக்குள் கை நுழைகிற அகலம் இருந்து, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் கெட்டி. நூல் கனத்தில் வெடிப்பு ஓடி, நிறமும் கருத்திருந்தால் கீழே ஈரம், கால் முழங்கால் வரை போகும். ஆட்டுப் புழுக்கை கிடக்கிற தடத்தில் போவது எல்லாவற்றையும்விடப் பத்திரம். தண்ணீர் இறங்கிய இடத்தில் சோளமும் கம்பும் விதைத்திருக்கிறார்கள், அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். வெள்ளம் வருவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு விதைத்தது.

காரை மேட்டிலேயே விட்டோம். ஒரு குடும்பம் கோயில் வரை ஓட்டிப் போகப் பார்த்து, முன் சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்து நின்றது. அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழியைத்தான் ஆழமாக்கியது. சித்தப்பா முதலில் சொன்னது, "நிறுத்துங்க தம்பி. அமுக்க அமுக்க உள்ளதான் போவும்."

இது பாலைவன மணலுக்கும் ஏரி வண்டலுக்கும் பொதுவான வைத்தியம், எழுதிவைத்துக்கொள்ளலாம். எல்லாரும் இறங்கி எடையைக் குறைக்க வேண்டும். முன் சக்கரங்களில் காற்றை 32 பிஎஸ்ஐ-லிருந்து 18-க்கு இறக்க வேண்டும். காற்று இறங்கினால் டயர் சப்பையாகித் தரையில் படுகிற பரப்பு கூடும், எடை பரவும். வந்த வழியே பின்னால் எடுப்பதுதான் நல்லது, அந்தத் தரை ஏற்கனவே வண்டியைத் தாங்கிய தரை. அதனால் சக்கரத்தின் பின்பக்கம் ஒரு முழம் நீளத்துக்குச் சரிவாக வெட்டிவிட்டு, காய்ந்த சோளத்தட்டை நெருக்கமாகப் போட வேண்டும். காரின் வயிறு மண்ணில் உட்கார்ந்திருந்தால் அங்கேயும் தோண்டாமல் நகராது. ஸ்டியரிங் நேராக, ரிவர்ஸ் கியர், மெதுவாக கிளட்ச். முன்னாலிருந்து மூன்று பேர் தள்ள வேண்டும், சக்கரத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை ஏறியது. கெட்டித் தரைக்கு வந்ததும் பம்பை மாட்டி, இன்ஜின் ஓடவிட்டு, டயருக்கு ஐந்து நிமிஷம் காற்று. காற்றில்லாத டயரோடு தார் ரோட்டில் வேகம் போனால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். அந்த வீட்டம்மா தூக்குப் போசியிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் நீர்மோர் ஊற்றிக் கொடுத்தார். கொத்தமல்லி, பச்சை மிளகாய், நிறைய உப்பு. அந்த வெயிலில் அதைவிட நல்ல பானம் கிடையாது.

பத்தரைக்குள் கிளம்பிவிட வேண்டும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. இந்த வாரம் சேலத்தில் 41 டிகிரியைத் தாண்டுகிறது, வண்டல் வெளியில் அதைவிடக் கடுமையாகத் தெரிகிறது.

மத்தியானம் மேட்டூர் அணைப் பூங்கா பக்கம் மீன் கடைகள். மீனை முழுசாக நீங்களே பார்த்து எடுத்துக் கொடுக்கலாம். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி உடனே எழும்ப வேண்டும். ஜிலேபி மீன் சின்னதாக, முழுசாக வறுத்தது நன்றாக இருந்தது. கட்லா துண்டில் இந்த மாதம் லேசாகச் சேற்று வாசம் வருகிறது. தண்ணீர் குறைந்து, கலங்கல் கூடினால் அப்படித்தான் என்றார் கடைக்காரர். மறைக்காமல் சொன்னதே பெரிய மரியாதை.

தங்கிய விடுதியில் ஏசி அறை 1,200 ரூபாய். வோல்டேஜ் குறைந்து ஏசி ராத்திரி ஒரு மணிக்கு நின்றுவிட்டது. ஈரத் துண்டை ஜன்னலில் தொங்கவிட்டு மின்விசிறியைப் போட்டால் தூங்குகிற அளவுக்குக் குளிரும். காற்று காய்ந்திருப்பதால் இந்த மாதம் அது வேலை செய்கிறது.

25 ஏப்ரல், வியாழன்: பூலாம்பட்டி, தாரமங்கலம்

மேலே அணை வறண்டு கிடக்க, கீழே பூலாம்பட்டியில் கரை தொட்டுத் தண்ணீர். நேற்றைய தரையைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும். காரணம் கதவணை. மேட்டூருக்குக் கீழே ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகள் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கின்றன. அணையிலிருந்து குடிநீருக்கு விடுகிற கொஞ்சத் தண்ணீரே அந்தத் தேக்கத்தை நிரப்பிவைக்கப் போதும். தென்னையும் தண்ணீரும் சேர்ந்து குட்டிக் கேரளா என்று பெயர் வாங்கிக்கொடுத்திருக்கிறது. விசைப்படகில் அக்கரை நெரிஞ்சிப்பேட்டை போய்வரலாம், அது ஈரோடு மாவட்டம். சைக்கிள், பால் கேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஏறுகிற தினசரிப் படகு. சுற்றுலாக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து வழி விடுவது நல்லது. கரை ஆழம், குளிக்க இறங்காதீர்கள்.

எடப்பாடி, ஜலகண்டபுரம் வழி தாரமங்கலம். கண்ணாடியை இறக்கினால் வழி நெடுக விசைத்தறிச் சத்தம். எடப்பாடி தாண்டிக் கம்மங்கூழ் வண்டி, சொம்பு 30 ரூபாய், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாவடு, சின்ன வெங்காயம். வெயிலில் பிரியாணி சாப்பிட்டு ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு மணிக்குக் கண் சொருகும். கூழ் குடித்தவருக்குச் சொருகாது. லாரிக்காரர்களின் பழைய கணக்கு இது.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மத்தியானம் சாத்தியிருக்கும், சாயங்கால நடைக்குப் போங்கள். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது, மேற்குப் பார்த்த கோயில். ராஜகோபுரத்தின் அடிப்பகுதியை யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே யாளி வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலை விட்டால் உருளும், வெளியே எடுக்க வராது. உள்ளே போட்டது இல்லை, யாளியோடு ஒரே கல்லில் வாய்க்குள்ளேயே கடைந்தது.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டியது ராமன் தூண். ராமன் நிற்கிற தூணருகே நின்று பார்த்தால் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுவது தெரியும். வாலி தூணருகே போய்த் திரும்பினால் ராமனைக் காணோம். நடுவிலிருக்கும் தூண் மறைத்துக்கொள்கிறது. ஒருவர் ராமன் பக்கமும் ஒருவர் வாலி பக்கமும் நின்று கத்திக் கத்திச் சரிபார்க்க வேண்டாம், கோயில் அமைதி கெடும். ஒருவரே மெதுவாக நடந்து பார்த்தால் எந்த அடியில் மறைகிறான் என்பது பிடிபடும். சித்தப்பா நாலு தடவை நடந்தார். "மறைஞ்சிருந்து அடிச்சான்னு கதைல சொல்றாங்க. இந்த ஆசாரி நம்மள நிக்க வெச்சுக் காட்டறான் பாரு."

26 ஏப்ரல், வெள்ளி: ஆத்தூர் சாலை, குப்பனூர் வழி ஏற்காடு

ஏற்காட்டைக் கடைசி நாளுக்கு வைத்தது யோசித்துத்தான். சனி, ஞாயிறு ஏறினால் ஏரிக்கரையிலேயே பாதி நாள் போகும்.

காலையில் முதலில் வாழப்பாடி தாண்டிப் புத்திரகவுண்டன்பாளையம், முத்துமலை முருகன். சிலை 146 அடி. மலேசியா பத்துமலை முருகன் 140 அடி. 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். ஓட்டுகிறவர் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டாமல், இறங்கிப் பார்ப்பது உத்தமம். தரை சுடும், ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள்.

இந்தச் சாலையில் கூட்டமில்லாத காட்சி சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் உலர்களம்தான். ஏக்கர் கணக்கில் சிமென்ட் தரை, அதன் மேல் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி. குச்சிக்கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்குகிற மாவை உதிர்த்து, துணித் தூளியில் போட்டு ஆட்டினால் மணி மணியாகத் திரளும். அதைச் சூடான தட்டில் வறுத்துக் களத்தில் கொட்டுகிறார்கள். பலகையால் ஓயாமல் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிவிடும். சீசன் முடிகிற நேரம், சில களங்கள் காலி. கேட்டுவிட்டு உள்ளே போனால் தடுப்பதில்லை, செருப்போடு களத்தில் ஏறக் கூடாது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் புளித்த மாவு வாசம் மூக்குக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும்.

திரும்பி அயோத்தியாப்பட்டணம் வந்து குப்பனூர், கொட்டச்சேடு வழி ஏறினோம். அடிவாரம் வழி போனால் 20 கொண்டை ஊசி வளைவு, தூரம் குறைவு. குப்பனூர் வழி சுற்று, வளைவு குறைவு, வண்டியும் குறைவு. கடைகள் அபூர்வம், பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்கு மேல் காட்டுமாடு குறுக்கே வரும். கோடை விழா நாட்களில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று மாற்றிவிடுவார்கள், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏறும்போது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை இறக்குங்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை ஹீட்டர் உள்ளே இழுத்துக்கொள்ளும். வேர்க்கும்தான், ஆனால் கேஸ்கட் பிழைக்கும்.

கீழே கார் மீட்டரில் 39, மேலே 31. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்கிற கணக்கு சரியாக வருகிறது. காபித் தோட்டங்கள் வாடியிருக்கின்றன. இந்தப் பருவத்தில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் காபி பூக்கும், மழை தவறினால் மொட்டு செடியிலேயே கருகும். கிளியூர் அருவியில் வெறும் பாறை, படி இறங்க வேண்டாம்.

சேர்வராயன் கோயில், 5,326 அடி, இந்த மலைகளின் உச்சி. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். நேற்று முன்தினம் காவிரியின் காய்ந்த மடியில் நின்றுவிட்டு வந்து இங்கே அந்தப் பெயரைக் கேட்டதும் சித்தப்பா வெகுநேரம் கும்பிட்டபடி நின்றார். சுற்றிலும் செம்மண், பாக்சைட் கலந்தது. இங்கே வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது.

லேடீஸ் சீட்டில் தொலைநோக்கிக்காரரிடம் மேட்டூர் பக்கம் காட்டச் சொன்னோம். பக்கத்தில் வெள்ளக்கல் கரடு சுண்ணாம்பு தடவின மாதிரி பளிச்சென்று. தூரத்தில் நீர் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கோடு. "இதோ, இந்தச் சாம்பல்தான் நாம நடந்த எடம்," என்று சித்தப்பா காட்டினார். பின்னால் நின்ற பிள்ளைகள் வரிசை கட்டிப் பார்த்தார்கள்.

இறங்கியது அடிவாரம் வழி. இந்தச் சாலையில் விபத்து நடப்பது பெரும்பாலும் இறக்கத்தில்தான், காரணம் பிரேக்கை மட்டும் நம்பி வருவது. எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும், இங்கே இரண்டாவது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு முதலில் வழி. காலை எடுக்காமல் பிரேக் மேலேயே வைத்திருந்தால் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கருகின வாடை வந்தால் ஓரம் கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, இருபது நிமிஷம் ஆறவிடுங்கள். சூட்டோடு ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் வளைந்துவிடும்.

அடிவாரத்தில் நிறுத்தி, சித்தப்பா முன் சக்கரத்தருகே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். வெதுவெதுப்புதான். பின் சீட்டில் இரண்டு எலுமிச்சை மிச்சம் இருந்தது. ஒன்றைப் பிழிந்து உப்புப் போட்டு, ஆளுக்குப் பாதி குடித்துவிட்டு அஸ்தம்பட்டி பக்கம் வண்டியைத் திருப்பினோம்.